பங்குனியில் மழைக் குளிர் வந்தால்: வடசென்னை வீடுகளுக்கு மொட்டை மாடி முதல் தெரு வரை முழுமையான வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நாம் எல்லோரும் ஒரு மாதிரி தயாராகத்தான் இருப்போம். தார்ப்பாய் வாங்கி வைப்போம், மெழுகுவத்தி இருக்கும், கீழ்வீட்டுக்காரர்கள் சாமானை எல்லாம் பரண் மேல் ஏற்றியிருப்பார்கள். பங்குனியில் வருகிற மழைக்கு யாரும் எதையும் எடுத்து வைப்பதில்லை. மாடி முழுக்க வடாமும் மிளகாயும் காயும், தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் திறந்து கிடக்கும், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் வெயிலே வராமல் கடல் பக்கம் இருந்து குளுகுளு என்று காற்று அடிக்கும், சாயங்காலத்துக்குள் நாலு தூறல் விழும், அப்புறம் ரெண்டு மூன்று நாளைக்கு விட்டு விட்டுப் பெய்யும்.

பெய்கிற அளவு ஐப்பசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் வீடு முழுவதும் கோடைக்காக விரித்து வைத்திருக்கும்போது வருவதால்தான் இதில் இழப்பு அதிகம். அந்த இழப்பில் பெரும்பகுதியை, மேகம் கூடிய முதல் அரை நாளில் வேலையை வரிசையாகச் செய்தால் தவிர்த்துவிடலாம். வரிசை என்று நான் சொல்வது மேலிருந்து கீழே: முதலில் மாடி, பிறகு கூரை, பிறகு கரண்ட், பிறகு சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி), கடைசியில் தெரு. தண்ணீர் போகிற வழியும் அதுதான். தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இது என்ன மழை, ஏன் குளிர்கிறது

பங்குனி, சித்திரையில் நமக்கு மழை வர இரண்டு மூன்று வழிகள் உண்டு. உள் கர்நாடகம் வழியாகத் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்கள் வரை ஒரு காற்றுச் சந்திப்புக் கோடு நீண்டு கிடக்கும். அதன் பக்கத்தில் பகல் சூடு ஏறியதும் இடிமேகம் கிளம்பும். இது பெரும்பாலும் மதியத்துக்கு மேல், மேற்கிலிருந்து, செங்குன்றம், மாதவரம் வழியாக இருட்டிக்கொண்டு வரும். இரண்டாவது வகை, வங்கக்கடலில் இருந்து வரும் கிழக்குக் காற்றலை அல்லது மேலடுக்குச் சுழற்சி. ராத்திரியிலும் விடியற்காலையிலும் கடலில் இருந்து சாரலாக ஏறி வருவது இதுதான், இரண்டு மூன்று நாள் மூட்டம் போட்டு உட்காருவதும் இதுதான். அபூர்வமாக மார்ச் மாதத்திலேயே கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும். 2022 மார்ச் முதல் வாரத்தில் அப்படி ஒன்று தமிழகக் கரையை நோக்கி வந்து, கரையை நெருங்கும்போது வலுவிழந்தது. 2008 மார்ச்சில் மாநிலம் முழுக்கப் பருவம் தப்பிய மழை கொட்டியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2025 ஏப்ரல் 16-ஆம் தேதி காலையில் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் சென்னையில் இடியோடு பெய்ததும் இந்தப் பருவத்து மழைதான்.

மார்ச்சில் சென்னையின் வழக்கமான பகல் வெப்பம் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். மேகம் மூடி, மழை விழுந்து, விழுகிற துளிகள் பாதி வழியில் ஆவியாகிக் காற்றைக் குளிரவைத்தால் பகலிலேயே 27, 28-க்கு இறங்கிவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இது குளிரே இல்லை. வெயிலுக்கு உடம்பைப் பழக்கி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துத் தரையில் பாய் போட்டுப் படுக்கிற நமக்கு, குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் முக்கியமாக, இந்த மாற்றம் தெரியும்.

முதல் படி: வானத்தையும் ரேடாரையும் சேர்த்துப் பார்ப்பது

நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் அறிவிப்பு வெளியிடுகிறது. அதில் சென்னையோடு நின்றுவிடாமல் திருவள்ளூர் மாவட்டத்தையும் படியுங்கள். எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வரிதான் பல நேரம் பொருந்தும். ‘கனமழை’ என்று போட்டால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை என்று பொருள். ‘மிக கனமழை’ என்றால் 115.6 முதல் 204.4 வரை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மாடியில் 65 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 3,600 லிட்டர். அவ்வளவும் ஒரே ஒரு குழாய் வழியாக இறங்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இனி வரப்போகிற வேலைகள் ஏன் என்று புரியும்.

அறிவிப்பைவிட எனக்கு அதிகம் உதவுவது ரேடார் படம். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் மழைமேகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது, அதன் படங்களை வானிலைத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். உலகப் பொது நேரத்தில் (UTC) போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம் வரும். பழைய படத்தை இப்போதைய படம் என்று எண்ணி, மழை போய்விட்டது என்று மறுபடி மிளகாயை விரிப்பவர்கள் நிறையப் பேர். ஒரு படத்தை மட்டும் பார்க்காமல் அடுத்தடுத்து மூன்று நான்கு படங்களைப் பாருங்கள், மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

ஃபோன் இல்லாமலும் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு மேலும் கடல் பக்கம் அடிவானம் தெரியாமல் சாம்பல் நிறமாக இருந்து, துணி கொடியில் இரண்டு மணி நேரம் கிடந்தும் காயாமல் சில்லென்று இருந்தால், அன்றைக்கு மாடியில் எதையும் விடாதீர்கள்.

இரண்டாம் படி: மாடியில் காய்கிறவை

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது. பங்குனி வெயிலை நம்பி வருஷத்துக்கே வேண்டியதைப் போட்டிருப்போம். எதை எப்படிக் காப்பாற்றுவது என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

அரிசி வடாம் துணியில் ஊற்றி ஒரு நாள்கூட வெயில் பார்க்கவில்லை என்றால், துணியோடு அப்படியே நாலு பேர் நாலு முனையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து தரையில் விரித்து ஃபேன் போடுங்கள். மடிக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் பிரிக்க முடியாது. மேல்பக்கம் தொட்டால் ஒட்டாத அளவு வந்ததும் துணியின் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து உரித்து, தட்டில் திருப்பிப் போட்டு, மறுபடி ஃபேன் காற்றில் வையுங்கள். இப்படி ஒன்றரை நாள் தாங்கும். அதற்குள் வெயில் வரவில்லை, புளித்த வாடை வருகிறது, கையில் பிசுபிசு என்று நூலாக இழுக்கிறது என்றால் தூக்கிப் போடுவதைத் தவிர வழி இல்லை. ஜவ்வரிசி வடாமை பிளாஸ்டிக் ஷீட்டில் ஊற்றியிருப்பீர்கள், அதன் அடிப்பக்கம் காற்றே படாது. சீக்கிரம் எடுத்துத் திருப்பிவிட வேண்டும். இன்னும் ஊற்றாத கூழ் மீதி இருந்தால் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம்.

மோர் மிளகாய் போட்டிருந்தால் கவலையே வேண்டாம். பகலில் காயவைத்து ராத்திரி மோரில் போடுவதுதானே அதன் முறை. மழை நாட்களில் உப்பு போட்ட தயிரிலேயே ஊறட்டும், ஆனால் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், இந்தப் புழுக்கத்தில் தயிர் சீக்கிரம் கெட்டுப்போகும். உப்பில் கிடக்கும் மாவடுவுக்கும் ஒன்றும் ஆகாது, ஜாடி வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, மழைத்தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சிவப்பு மிளகாய், மல்லி விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். அரைக்கக் கொடுப்பதற்காகக் காயவைத்த மிளகாய் நனைந்தால் உடனே கோணியில் கட்டி மூலையில் போடாதீர்கள். பரப்புங்கள், காம்புப் பக்கம் கறுத்ததையும், உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சை தெரிவதையும் தனியாக எடுத்துக் குப்பையில் போடுங்கள். கழுவினாலோ வறுத்தாலோ சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். மிளகாயில் வரும் சில பூஞ்சைகள் விடுகிற அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கக்கூடியது, அது வறுத்தாலும் முழுசாகப் போகாது. நாலு கிலோவில் அரை கிலோ போனால் போகட்டும்.

கருவாடு வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்ததை வெளியே எடுத்துக் காகிதத்தில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். காசிமேட்டுப் பக்கம் கருவாடு போடுகிற அம்மாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாதி காய்ந்த மீனை மறுபடி உப்பில் அடுக்கித் தொட்டியில் மூடி வைத்து வெயில் வரும்வரை காத்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த இரண்டு நாள் உப்புச் செலவும் போய், விலையும் குறையும். மழை விட்ட வாரம் அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்கினால் நல்லது.

பல குடும்பங்கள் ஒரே மாடியைப் பங்கு போடுகிற வீடுகளில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே ‘மழை வந்தா எங்களோடதையும் எடுத்துடுங்க அக்கா’ என்று வீட்டில் இருப்பவரிடம் சொல்லி, எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதையும் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஈரச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவு முன்னால் நிற்கிற நிலைமை அவருக்கு வரக் கூடாது.

மூன்றாம் படி: மாடித் தண்ணீர் இறங்கும் வழி

மாடி மூலையில் இருக்கும் குழாய் வாயைப் போய்ப் பாருங்கள். தை மாதத்துக்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பால் கவர், காற்றாடி வால், புறா இறகு, வேப்பஞ்சருகு (பங்குனி இலையுதிர்ந்து துளிர்க்கும் காலம் என்பதால் இது நிறைய இருக்கும்), அதற்கு மேல் நம் பக்கத்துக்கே உரிய கறுப்புத் தூசி, எல்லாம் சேர்ந்து ஒரு அடை மாதிரி இறுகியிருக்கும். கையுறை போட்டோ கவரைச் சுற்றியோ அதை அள்ளி எடுத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுழன்று ‘கொட கொட’ என்று இறங்கினால் சரி. மெல்ல மெல்ல இறங்கினால் குழாய்க்குள்ளும் அடைப்பு இருக்கிறது, கீழே வளைவில் ஒரு குச்சியோ பழைய ஹோஸ் பைப்போ விட்டுத் தள்ளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு அமைப்பு தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. உங்கள் வீட்டிலும் இருக்கும், மேலே சிமென்ட் பூசி மூடாமல் இருந்தால். பல மாதத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் பத்துப் பதினைந்து நிமிஷத் தண்ணீர் கறுப்பாக இருக்கும், அதை வடிகாலுக்கு விட்டுவிட்டுப் பிறகு கிணற்றுக்கோ சேகரிப்புக் குழிக்கோ திருப்புங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிக் கிடக்கிற ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்தில், சித்திரைக்கு முன்னால் மண்ணில் இறங்குகிற ஒவ்வொரு குடம் நல்ல தண்ணீரும் உதவும்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி அறைகளில், மேலே கனத்துக்கு வைத்திருக்கும் செங்கல்லும் கல்லும் காற்றுக்கு உருண்டு தெருவில் விழாதபடி இருக்கிறதா என்று பாருங்கள். ஷீட் மேல் ஏறி நடக்காதீர்கள், பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஆள் கனத்துக்கு உடையும். ஏணியில் நின்றபடியே கை எட்டுகிற வரை செய்தால் போதும்.

நான்காம் படி: ஒழுகும் கூரை

ஐப்பசியில் ஒழுகாத கூரை பங்குனியில் ஒழுகுகிறதே என்று பலர் கேட்பார்கள். வெயிலில் தளம் விரிந்து, ராத்திரியில் சுருங்கி, தட்டோடுகளுக்கு நடுவில் இருக்கும் பூச்சு மயிரிழையாக வெடித்திருக்கும். ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் இன்னும் நிற்கிற மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட தளம் அது, இந்த ஈரம் இன்னும் ஆபத்து. தண்ணீர் நேராகச் சொட்டாமல் விட்டத்தின் தலை சுவருக்குள் நுழைகிற இடத்தில் தங்கி, மரத்தை உள்ளுக்குள்ளேயே மட்க வைக்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை இலையோடு கிள்ளி எறிவதில் பிரயோஜனமில்லை, வேர் இருந்தால் அடுத்த மாதம் மறுபடி நிற்கும். மழையில் சுவர் நனைந்திருக்கும்போது வேரைப் பிடுங்குவது சுலபம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது தளத்தில் எதையும் பூச முயற்சி செய்யாதீர்கள், ஈரத்தின் மேல் பூசுகிற பெரும்பாலான கோட்டிங் ஒட்டாது, காசுதான் வீண். இப்போதைக்குத் தார்ப்பாயை விரித்து ஓரங்களில் மணல் மூட்டை வையுங்கள். உள்ளே கூரையில் ஈரம் எந்த இடத்தில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, தேதியையும் எழுதி, ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டால் ‘எங்கே ஒழுகுச்சு’ என்பார், அப்போது நமக்கே இடம் மறந்துபோயிருக்கும்.

ஐந்தாம் படி: கரண்ட்

இதில் சமரசமே வேண்டாம். மாடியில் துணி காயவைக்கக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பியில் கேபிள் டிவி ஒயரோ பல்பு ஒயரோ சுற்றியிருந்தால் இன்றே பிரித்து எடுங்கள். ஒயரின் தோல் வெயிலில் வெடித்திருக்கும், மழையில் அந்தக் கம்பி முழுக்க மின்சாரம் பாயும், ஈரத் துணியை உதறிப் போடுகிற கை அதைத்தான் முதலில் தொடும். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுவது இன்னும் நல்லது.

மெயின் பெட்டியில் மின்கசிவைத் தடுக்கும் ஸ்விட்ச் இருந்தால் அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகைதான் சரி. சம்ப் மோட்டார் ஸ்விட்சை ஈரக் கையோடு போடாதீர்கள், வெறுங்காலோடு நின்று போடவே கூடாது. தெரு முனையில் இருக்கும் மின்பெட்டிகளைச் சுற்றித் தண்ணீர் நின்றால் குழந்தைகளைப் பக்கத்தில் விடாமல், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இடிக்கு ஒரு கணக்கு: மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்து, முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மாடியில் யாரும் இருக்கக் கூடாது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரைக்கும். பங்குனி மழையில் மழை அளவைவிட மின்னல்தான் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. மாடியில் விட்ட துணிக்காக ஓடாதீர்கள். காசிமேடு கடற்கரையில் வலை பின்னுகிறவர்களும், மைதானத்தில் பந்து ஆடுகிற பையன்களும் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போக வேண்டும்.

ஆறாம் படி: சம்பும் குடிதண்ணீரும்

நம் பக்கத்தில் பல வீடுகளில் சம்ப் வாய் தெரு மட்டத்திலேயே இருக்கும். தெருத்தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகி வாசல் ஏறினால் முதலில் நிரம்புவது அதுதான். மழைக்கு முன்னால் மூடியைச் சுற்றி இரண்டு வரிசை செங்கல் வைத்து, சிமென்ட் பால் ஊற்றிக் கரை கட்டிவிடுங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை மூடிக்கு அடியில் போட்டு, ஓரத்தில் மணல் மூட்டை வைத்து அழுத்துங்கள்.

தண்ணீர் உள்ளே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் அதில் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. முழுசாக இறைத்துக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகுதான் குளோரின். தெளிந்த தண்ணீருக்கு, 1,000 லிட்டருக்குத் தரமான பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 2.5 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். அடிபம்புத் தண்ணீர் மழைக்குப் பிறகு மஞ்சளாகவோ வாடையோடோ வந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். எந்தத் தண்ணீராக இருந்தாலும் இந்த ஒரு வாரம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டு ஆற வைத்துக் குடியுங்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்தால் குடிநீர் வாரியத்துக்கு 1916-இல் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தெருவும் போக்குவரத்தும்

ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், இந்த மூன்றும்தான் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகின்றன. கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் மழையும் கொட்டினால் எண்ணூர் முகத்துவாரம் மெதுவாகத்தான் வாங்கும், நம் தெருவில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். இதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வாசலில் இருக்கும் வடிகால் சல்லடையை அடைத்திருக்கும் கவர்களை எடுத்துப் போடுவது நம் கையில் இருக்கிறது. பத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பார்த்துக்கொண்டால் தெரு வடிகிற வேகமே மாறும். மூடியைத் திறந்து உள்ளே இறங்குவது மட்டும் கூடவே கூடாது, விஷ வாயு எந்தச் சாக்கடைக்குள்ளும் இருக்கலாம். அதற்கு மாநகராட்சி எண் 1913.

வடிகால் வேலைகளும், மாதவரம், பெரம்பூர், அயனாவரம் வழியாகப் போகிற மெட்ரோ வேலையும் மழைக்காலம் முடிந்ததும்தான் வேகம் எடுக்கும், அதனால் பங்குனியில் பள்ளங்கள் அதிகம். தண்ணீர் நிற்கும் தெருவில் ஓரமாக நடக்காமல் நடுவில் நடங்கள். தடுப்பு விழுந்து கிடந்தால் ஒரு மரக்கிளையோ பழைய நாற்காலியோ வைத்து அடையாளம் காட்டுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் ‘அந்த வண்டி போச்சே’ என்று பின்னாலேயே இறக்காதீர்கள், சுற்றிப் போகிற இருபது நிமிஷம் ஒன்றும் பெரிதில்லை.

பரீட்சை எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஹால் டிக்கெட்டையும் பேனாக்களையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, முதல் நாள் ராத்திரியே பள்ளிக்கு மாற்று வழி பார்த்து வைத்து, வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். மாற்றுச் சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும், மூன்று மணி நேரம் ஈர உடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவது கொடுமை.

கடலுக்குப் போகிற படகுக்காரர்கள் காற்று எச்சரிக்கையை மதித்தே ஆக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் வருகிறது என்பதால் அதற்கு முந்தின வாரங்களில் விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு நாள் வருமானத்தை விடவும் மனசு வராது, அது புரிகிறது. ஆனாலும் சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் என்று போட்டால் கரையிலேயே இருங்கள்.

வால்டாக்ஸ் சாலை, மின்ட், ராயபுரம் பக்கம் நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஐப்பசியில் நிறையப் பேர் உதவ வருவார்கள், பங்குனி மழைக்கு யாரும் வருவதில்லை. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் தார்ப்பாய், காய்ந்த போர்வை, குழந்தைத் துணி, இருந்தால் முதல் நாள் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுங்கள். நனைந்த பிறகு கொடுப்பதைவிட அது பல மடங்கு உதவும்.

எட்டாம் படி: உடம்பு

குளிர்க்காற்றுக்குச் சளி, இருமல் வரும், அதற்கு மிளகு ரசமும் வெந்நீரும் ஓய்வும் போதும். வயசானவர்களைத் தரையில் படுக்க விடாமல் கட்டிலிலோ இரண்டு பாய் போட்டோ படுக்க வையுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலர் தீரும் நிலையில் இருந்தால் மேகம் கூடும்போதே வாங்கிவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்துவிட்டு வந்தால் காலை சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள், காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது, எலிக் காய்ச்சல் அந்த வழியில்தான் வரும்.

டெங்கு விஷயத்தில் பங்குனி மழைக்கு ஒரு தனித்தன்மை உண்டு, நிறையப் பேருக்கு இது தெரியாது. ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் விடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்து பல மாதம் உயிரோடு இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வைத்த முட்டைகள் உங்கள் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இந்த மழையில் நனைந்தால் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டிரம், வாளி, தட்டு எல்லாவற்றின் உள்ஓரத்தையும் கரகரப்பான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்காதீர்கள்.

மழைக்குப் பிறகு இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

ஒன்பதாம் படி: வெயில் திரும்பியதும்

மூட்டம் கலைந்த முதல் நாள் வெயில் சுள்ளென்று இருக்கும், மண்ணில் இருக்கும் ஈரம் மேலே எழும்பிப் புழுக்கம் தாங்க முடியாது. அன்றைக்கே அவசரப்பட்டு வடாமைக் கொண்டுபோய் மாடியில் பரப்பாதீர்கள். தளம் உள்ளுக்குள் ஈரமாக இருக்கும், கீழிருந்து வரும் ஆவியில் துணி மறுபடி நனையும். முதலில் மாடியைக் கழுவி, பாதி நாள் காயவிட்டு, கட்டில் மேலோ பெஞ்சு மேலோ உயர்த்தி விரியுங்கள். பாய், தலையணை, மரப்பெட்டிச் சாமான், புத்தகங்கள் இவற்றுக்கு இரண்டாம் நாள் வெயில் நல்லது.

கொத்தனாரை இந்த வாரமே பிடித்துவிடுங்கள். மூன்று நாலு நாள் நல்ல வெயில் அடித்துத் தளம் முழுசாகக் காய்ந்ததும், பென்சில் கோடு போட்ட இடங்களுக்கு நேர் மேலே தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டி எடுத்துப் புதுசாகப் பூசச் சொல்லுங்கள். ஒழுகுகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் ஒன்றாக இருக்காது, சரிவுக்கு மேல்பக்கம் இரண்டு மூன்று அடி சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்குள் பூசி, மேலே ஈரச்சாக்கு போட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் பூச்சு தண்ணீர் குடிப்பதற்குள் காய்ந்து வெடித்துவிடும், அதற்கு முன்னால் வேலையை முடித்துவிடுங்கள்.